பால் கணக்கும் பட்டாவும் வங்கிக்குப் போகும்போது

பால் உற்பத்தியாளர் சங்கத்தில் காலையும் மாலையும் ஊற்றும் பாலுக்கு லிட்டர், கொழுப்புச் சத்து, இதரச் சத்து என்று கணக்கு எழுதப்படுகிறது. பட்டுவாடா முடிந்துவிட்டால் பழைய கணக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்பொழுது அந்தக் கணக்குக்கே தனி மதிப்பு வந்துவிட்டது. அதை வைத்து வங்கி கடன் தருகிறது.

2022 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, கிசான் கடன் அட்டைக் கடனை முழுவதும் கணினி வழியாகவே முடிக்கும் சோதனையைத் தொடங்கியது. அதில் மத்தியப் பிரதேசமும் தமிழ்நாடும் முதலில் இடம்பெற்றன. பிறகு கர்நாடகம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகியவை சேர்ந்தன. குஜராத்தில் பால் ஊற்றிய கணக்கை ஆதாரமாகக் கொண்டே கறவை மாட்டுக் கடன் வழங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 17 அன்று இவை அனைத்துக்குமான பொதுத் தளம் சோதனையாக நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு ரூ.1.60 லட்சம் வரையிலான கிசான் கடன் அட்டைக் கடன் இதில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

வருவாய்த் துறையின் நிலப் பதிவு, ஆதார் விவரம், செயற்கைக்கோள் படம், பால் கணக்கு ஆகியவை அந்தந்த இடத்திலிருந்து இத்தளம் வழியாக வங்கிக்குச் செல்லும். சிட்டா, அடங்கல் நகலுக்காக விவசாயி பல நாள் அலைய வேண்டியதில்லை. பேருந்துச் செலவும் கூலி இழப்பும் மிச்சம். இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

ஆனால், நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போன காலத்தில் எந்தக் காகிதம் யார் கைக்குப் போகிறது என்பது விவசாயிக்குத் தெரியும். இப்பொழுது ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தோடு நேராகப் பேசிக்கொள்கிறது. உரியவர் வெளியே நிற்கிறார். பேரேட்டை வைத்திருப்பவர் சங்கச் செயலாளர்தான். அதற்காக, அதிலுள்ள மாடும் பாலும் வருமானமும் அவருடையவை ஆகிவிடுமா? தம்மைப் பற்றிய விவரம் எங்கே, எதற்காகப் போகலாம் என்று முடிவு செய்யும் உரிமையைத் தரவு இறையாண்மை என்கிறார்கள். பெயர்தான் பெரிது, பொருள் எளிது.

இதில் ஏற்படக்கூடிய சங்கடத்துக்கு ஓர் உதாரணம் பார்க்கலாம். இரண்டு கறவை மாடு வைத்திருப்பவர் நாளொன்றுக்கு 14 லிட்டர் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாடு நிறைசினை. ஈனுவதற்கு முன் சுமார் 60 நாள் பாலை வற்ற விடுவதுதான் முறையான பராமரிப்பு. அந்த இரண்டு மாதமும் கணக்கில் பாதிப் பால்தான் இருக்கும். ஊரில் உள்ளவருக்கு இது தெரியும். தொலைவிலிருந்து எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு, வருமானம் சரிந்துவிட்டதாகத் தோன்றலாம். ஆகவே கடன் கேட்கும்போது ஓர் ஈற்று முழுவதற்குமான கணக்கைப் பார்க்கும்படி வங்கியைக் கேட்பது நலம். மனைவி பெயரில் பால் ஊற்றிவிட்டுக் கணவர் பெயரில் கடன் கேட்டால் கணக்கு பொருந்தாது என்பதையும் மறக்கலாகாது.

குத்தகை விவசாயியின் நிலை இன்னும் கடினம். பட்டா நில உரிமையாளர் பெயரில் இருப்பதால் உழுபவரின் பெயர் நிலப் பதிவில் தென்படுவதில்லை. இதைக் கணினி தானாகச் சரிசெய்யாது. அடங்கலில் சாகுபடியாளர் பெயரைப் பதியச் செய்ய இவர்கள் கிராம நிர்வாக அலுவலரை அணுக வேண்டும்.

அடுத்து, சம்மதம். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்வது இக்காலக் கைநாட்டு. வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த கதைகள் கிராமங்களில் ஏராளம். எந்த விவரம், எவ்வளவு காலத்துக்கானது, யாருக்கு, எந்த வேலைக்கு, எதுவரை என்று கேட்டறிந்த பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும். முகவர் அவசரப்படுத்தினால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடலாம். விதைப்பு ஒன்றும் தவறிவிடாது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழில் பெறவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், விவரம் யார் யாருக்குத் தரப்பட்டது என்று கேட்கவும், பிழையைத் திருத்தவும் இச்சட்டத்தில் வழி உண்டு. இப்பிரிவுகள் விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டுள்ளது. அரசு மானியம், உதவித்தொகை போன்றவற்றுக்குச் சம்மதம் பெறாமலே விவரத்தைப் பயன்படுத்தவும் சட்டம் சில நிலைகளில் இடமளிக்கிறது. வாங்கிய கடன், சம்மதத்தைத் திரும்பப் பெறுவதால் தீர்ந்துவிடாது.

கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இ-சேவை மையத்திலோ வருவாய்த் துறை இணையதளத்திலோ பட்டாவைப் பார்த்து, பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவை சரிதானா என்று ஒப்பிட வேண்டும். தகப்பனார் காலமாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றுடன் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்ய அளவையர் வர வேண்டியிருக்கும். அதற்கு நாள் பிடிக்கும். எனவே பருவக் கடன் தேவைப்படுவோர் கோடையிலேயே மனுக் கொடுத்துவிடுவது நல்லது. பால் சங்கம் தரும் ரசீதுகளை ஓர் ஆண்டுக்காவது கட்டி வைத்திருந்தால், வங்கிக்குப் போன கணக்கோடு ஒத்துப் பார்க்க உதவும்.