உங்கள் சிட்டாவில் ஒளிந்திருக்கும் வெள்ளைக்காரன் கணக்கு

போனை எடுங்க. தமிழக அரசின் இ-சேவைகள் தளத்தில் உங்கள் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்து சிட்டாவைத் திறங்க. பரப்புக்குப் பக்கத்தில் ‘தீர்வை’ என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். டீக்காசுக்குக்கூட வராத தொகை என்று பலரும் தாண்டிப் போய்விடுவோம். ஆனால் அந்தத் தீர்வையின் பூர்வீகம் பிரிட்டிஷ் ஆட்சியின் நிலவரித் திட்டம். அதைப் பிடித்துக்கொண்டு, நம்ம ஊரிலிருந்து அந்த அரசுக்கு ஆண்டுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றை வைத்துப் பார்ப்போமா?

முதலில் எந்த மாவட்டக் கணக்கைப் பார்ப்பது என்று தெரிய வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். அந்த ஆண்டு புதிதாக உருவான ராமநாதபுரத்துக்கு மாறியது. 1985 முதல் விருதுநகர். ஆகவே 1905-ஆம் ஆண்டின் திருநெல்வேலி மொத்தத்தையும் 1915-ஆம் ஆண்டின் மொத்தத்தையும் பக்கத்தில் வைத்து ‘வருமானம் குறைஞ்சு போச்சே’ என்று சொன்னால் தப்பு. குறைந்தது வருமானம் அல்ல, வட்டங்கள்.

இப்போது நிலவரி. ரயத்துவாரி முறையில் மண்ணைத் தரம் பிரித்து, சாகுபடிச் செலவு போக மிஞ்சுவதில் பாதி அரசுக்கு என்பதே கொள்கை. ஒரு கற்பனைக் கிராமம் எடுப்போம். நஞ்சை 400 ஏக்கர், ஏக்கருக்கு 6 ரூபாய். புஞ்சை 900 ஏக்கர், ஏக்கருக்கு 1 ரூபாய். மொத்தம் 3,300 ரூபாய். முடிந்ததா? இல்லை. கண்மாய் பெருகாமல் நஞ்சையில் மூன்றில் ஒரு பங்கு சாவியானால், ஜமாபந்தியில் 800 ரூபாய் தள்ளுபடி. மிச்சம் 2,500. அதிலும் வசூலானது எவ்வளவு? வருவாய்த்துறையில் இன்றும் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று மூன்று பத்தி போடுவார்கள். கேட்பை வருமானம் என்று எடுத்துக்கொள்வதுதான் புதிதாக ஆராய்ச்சிக்கு வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு. அந்த நிலுவை வெறும் எண்ணும் இல்லை. 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி நிலமே ஏலத்துக்குப் போகும். மதிப்பீடு கூடிப்போனால் அடி விழுவது விவசாயி மேல்.

சேத்தூர் மாதிரி ஜமீன் பகுதி என்றால் கணக்கே வேறு. ஜமீன் குடிகளிடம் வாங்கியது ஒன்று, அரசுக்குக் கட்டிய பேஷ்குஷ் இன்னொன்று. அரசு வருமானத்தில் இரண்டாவதை மட்டும்தான் சேர்க்கணும். இனாம் நிலங்களுக்கும் முழுத்தீர்வை போடக்கூடாது.

இனி எனக்கு மிகவும் உறுத்திய பகுதி, உப்பு. இந்த வரி எந்தக் கிராமக் கணக்கிலும் இருக்காது. ஏனென்றால் உப்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், கடையில் நாம் கொடுக்கும் விலையில் அது கலந்து வந்துவிடும். அதனால் சாப்பாட்டிலிருந்துதான் கணக்கிட வேண்டும். 1888 முதல் 1903 வரை மணங்குக்கு இரண்டரை ரூபாய் வரி, அதாவது 40 அணா. இது சுமார் 37 கிலோ கொண்ட இந்திய மணங்கு. சென்னை மணங்கு 11 கிலோ சொச்சம்தான். அதைப் போட்டால் விடை மூன்று மடங்குக்கு மேல் எகிறிவிடும், ஜாக்கிரதை! ஆக கிலோவுக்கு ஓர் அணாவும் கொஞ்சமும். ஆளுக்கு ஆண்டுக்கு 6 கிலோ என்று வைத்தால், ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 கிலோ, வரி ஏறக்குறைய 32 அணா. இரண்டு ரூபாய்.

நம் கற்பனைக் கிராமத்தில் இரண்டு ஏக்கர் புஞ்சை வைத்திருப்பவர் கட்டும் தீர்வையும் அதே இரண்டு ரூபாய்தான். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத கூலிக் குடும்பமும் தன் சோற்றுப்பானை வழியாக அவ்வளவு கட்டியிருக்கிறது, ரசீதே இல்லாமல். 200 குடும்பம் என்றால் 400 ரூபாய்.

மீதி வரவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சாராய, கள்ளுக்கடை ஏலம், பத்திர முத்திரைத்தாள், கோர்ட் கட்டணம், பதிவுக் கட்டணம். சேவைக்குக் கட்டணம் என்பது நேற்று வந்ததல்ல. இன்று நீங்கள் பத்திரம் பதிவதும் 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம், 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் ஆகியவற்றின் கீழ்தான். மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைப் பணம் நின்றபோது, ராஜாஜி அரசு 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. தீர்வையோடு சேர்த்து வாங்கிய சாலை, பள்ளிக்கான ‘செஸ்’ உள்ளாட்சிப் பணம். அதை அரசு வருமானத்தில் கூட்டாதீர்கள்.

உங்கள் ஊருக்கே இதைப் போட்டுப் பார்க்க ஆசையா? எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் ஆவணங்கள் இருக்கின்றன. 1879-இல் ஸ்டூவர்ட் தொகுத்த திருநெல்வேலி மாவட்டக் கையேடும் உதவும். வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்துக் கிஸ்தி ரசீது கிடைத்தால், அதில் பசலி ஆண்டு போட்டிருக்கும். 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. பட்ஜெட் கணக்கோ ஏப்ரலில் தொடங்கும். இரண்டையும் ஒரே ஆண்டு என்று நினைத்துக் கூட்டிவிடாதீங்க.