பல்லுக்குப் பகையான பழக்கங்கள்

முல்லையரும்பையும் முத்தையும் பல்லுக்கு உவமையாக்கி மகிழ்ந்தனர் நம் பழம்புலவர். இலக்கண நூலாரோ அதன் பயனை நோக்கினர். எழுத்துப் பிறத்தற்குரிய உறுப்புக்களுள் பல்லையும் ஒன்றாக எண்ணியது தொல்காப்பியம். மேற்பல் கீழிதழைப் பொருந்தாதவழி வகரம் செவ்வனே பிறவாது; முன்பல் இழந்தார் வாயில் தகரமும் நகரமும் திரிந்தே ஒலிக்கும். ஆகவே பல்லைப் பேணுதல் உடலோம்பல் மட்டுமன்று, மொழியோம்பலும் ஆம்.

பல்லின் மேற்புறத்தைப் போர்த்திருக்கும் வெண்படலம் எனாமல் எனப்படும். நம் உடம்பிலுள்ள பொருள்களுள் அதுவே மிகக் கடினமானது. எனினும் அதற்கு ஒரு குறையுண்டு. எலும்பு முறிந்தாற் கூடும். தோல் கிழிந்தால் வளரும். தேய்ந்தொழிந்த எனாமலோ மீண்டும் வளர்வதில்லை. இதனை உளங்கொண்டு நம் அன்றாடப் பழக்கங்களை ஆராய்வோம்.

முதலாவது, பல் துலக்கும் முறை. வானம் பார்த்த பூமியாகிய திருச்சுழிப் பக்கத்தில், வீரசோழன் முதலிய ஊர்களிற் கருவேலமரத்திற்குக் குறைவில்லை. ஆலும் வேலும் பல்லுக்கு நல்லனவென்பது முன்னோர் கருத்து. இளங்குச்சியை மென்று நாராக்கி மெல்லத் துலக்குதல் நன்றே. ஆயின் செங்கற்பொடி, அடுப்புக்கரி, மணல் ஆகியவற்றைத் தொட்டு அழுந்தத் தேய்த்தல் எனாமலை அராவுதலேயாகும். அது தேய்ந்தபின் உள்ளிருக்கும் மஞ்சட் பகுதி புலப்படும். வெண்மை வேண்டித் தேய்த்தவர் மஞ்சளையே பெறுவர். குளிர்நீர் பட்டாலும் பல் கூசும். தூரிகை கொள்வோரும் குறுக்காக வலிந்து இழுப்பின் ஈறு தாழ்ந்து வேர் வெளிப்படும்.

இங்கு ஒன்று கருதற்பாலது. பற்கறை அனைத்தும் அழுக்கன்று. 1937-ஆம் ஆண்டில், அக்காலச் சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில், நீரிற் புளோரைடு மிகுதலால் விளையும் நோயை மருத்துவர் கண்டெழுதினர். அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பல் உருவாகும் இளம்பருவத்தில் மிகைப்பட்ட நீரைப் பருகிவரின், முளைக்கும் பல்லே சுண்ணவெண்மையோ பழுப்போ கொண்டு தோன்றும். அக்கறை உள்ளே பொதிந்தது, செங்கற்பொடிக்கு நீங்காது. அத்தகைய சிறுவரைப் பல் துலக்காதவரென்று வகுப்பறையில் எள்ளுதல் கொடிது. ஊர்க்கிணற்று நீரைச் சோதிப்பித்தலே செய்யத்தக்கது.

இரண்டாவது, இடையறாது இனிப்புத் தின்னல். வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையைப் புளிப்பாக மாற்ற, அப்புளிப்பு எனாமலைக் கரைக்கும். சுவீடன் நாட்டு விப்பெகோல்ம் விடுதியில் 1945-க்கும் 1955-க்கும் இடையே நடந்த ஆராய்ச்சி, உணவோடு உண்ட இனிப்பினும் இடையிடையே தின்ற ஒட்டுமிட்டாயே மிக்க கேடு செய்ததெனக் காட்டிற்று. மறுத்துரைக்க இயலாத மனவளர்ச்சி குன்றியோரை அதற்குக் கருவியாக்கியது அறமன்று. அவர் துன்பத்தாற் பெற்ற அறிவை நாம் வீணாக்குதலும் தகாது. சந்தையில் வாங்கிய மிட்டாயை நெடும்பொழுது கன்னத்தில் அடக்கும் சிறுவர்க்கு அதனை ஒரே வேளையில் உண்ணக் கற்பிப்போமாக. கருப்பட்டியும் சர்க்கரையே. இரவில் உமிழ்நீர் குறைதலின், உறங்குமுன் துலக்குதல் காலையிற் துலக்குதலினும் இன்றியமையாதது.

மூன்றாவது, பல்லைக் கருவியாக்கல். அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். தறியிலும் தையலிலும் நூலைப் பல்லாற் கடித்து அறுப்போர்க்கு நாளடைவில் முன்பல்லில் தறிவு விழும். சோடாப்புட்டி மூடியைக் கடித்துத் திறத்தல், வறுத்த புளியங்கொட்டையை உடைத்தல், ஊக்காற் பல்லிடுக்கைக் குத்தல் ஆகியனவும் இவ்வினத்தன.

நான்காவது, வெற்றிலை பாக்கும் புகையிலையும். இவை பல்லைக் கறைப்படுத்துவதோடு நில்லா. புகையிலை கலவாத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் விளைப்பதென அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்டது. தாம்பூலம் நம் மரபின் மரியாதை. அம்மரியாதை தட்டில் இருப்பது போதும். கன்னத்தில் உறைதல் வேண்டா.

விடுமுறைக்கு ஊர்செல்லும் மாணவர் இவற்றைத் தம் இல்லத்தார்க்கு எடுத்துரைப்பாராக. பாட்டியாரின் சுருக்குப்பையை ஒரு நாளில் மாற்ற நம்மால் இயலாது. தம்பி தங்கையர் கையிலுள்ள செங்கற்பொடியை மாற்ற இயலும். ஆண்டுக்கொருமுறை பல் மருத்துவரைக் காண்பதும் நன்று. பல் வலித்தபின் ஓடுவது, மழை பெய்து முடிந்தபின் கண்மாய்க்கரையை அடைப்பது போலாம்.