கரிசல் ரோட்டுக்கு எந்தப் பேக் தாங்கும்?

ஜூன் மாதம் கல்லூரி திறக்கிற சமயம்தான் எங்கள் பக்கம் காற்றுக்காலம். ஆனி, ஆடி முழுக்கக் கயத்தாறு காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். கரிசல் புழுதி எழும்பி அடுப்படி வரைக்கும் வரும். அந்தப் புழுதியில்தான் பாஞ்சாலங்குறிச்சிப் பிள்ளைகள் புதுப் பேக்கை மாட்டிக்கொண்டு ஓட்டப்பிடாரம் போய், பஸ் மாறி, தூத்துக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் படிக்கப் போகிறார்கள். தீபாவளி வருவதற்குள் பல பேக்குகளில் ஊக்கு ஏறியிருக்கும்.

எங்கள் சொந்தத்தில் யார் பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாலும் பேக் வாங்க என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். பிய்ந்தால் தைக்கக் கொண்டுபோவதும் நான்தான். அப்படிப் போய்ப் போய், கோவில்பட்டியில் பேக் தைக்கிற ஒருவர் பழக்கமானார். அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்குப் பாடம்: "அண்ணாச்சி, துணி இத்துப்போயி எங்கிட்ட வர்ற பேக்கு ரொம்பக் கம்மி. வார் பிஞ்சு வரும், இல்லன்னா ரன்னர் போயி வரும். கடையில எல்லாரும் துணியத்தான் தடவிப் பாக்காங்க."

அதற்குப் பிறகு நான் பேக்கை வெளியிலிருந்து பார்ப்பதில்லை. ஜிப்பைத் திறந்து, உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்க்கிறேன்.

முதலில் வார்

பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகப் பேக்கைப் போட்டு சீட் பிடிப்பது நம் ஊர் வழக்கம். அப்பா காலத்தில் துண்டு, இப்போது பேக். ஒற்றை வாரைப் பிடித்துத் தூக்கி வீசும்போது மொத்தப் பாரமும் இரண்டு விரல் அகலத் தையலில் இறங்குகிறது. ஆகவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வார் தைத்திருக்கும் இடம்.

வாரின் மேல்முனை முதுகுப் பக்கத் துணிக்குள் குறைந்தது ஓர் அங்குலமாவது உள்ளே போயிருக்க வேண்டும். வெளியில் சதுரம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி மாதிரி தைத்திருந்தால் நல்லது. உள்ளே துணி விளிம்புகளை நாடா வைத்து மூடியிருக்க வேண்டும். நூல் நூலாகப் பிரிந்து தொங்கினால் அந்தப் பேக் வேண்டாம். வாரின் கீழ்முனையில் வரும் நைலான் நாடா, நேராகப் பக்கத் தையலுக்குள் போகாமல் ஒரு முக்கோணத் துணியில் தைக்கப்பட்டு, அந்தத் துணி பேக்கோடு சேர்ந்திருந்தால் இழுப்பு பரவும்; ஒரே இடத்தில் பியாது. கையில் தூக்கும் மேல்பிடிக்கும் இதே சோதனைதான்.

நெருக்கமாகத் தைத்திருந்தால் பலம் என்று நினைக்க வேண்டாம். ஊசித் துளைகள் ஒட்டி ஒட்டி விழுந்தால், தபால்தலைத் தாளைக் கிழிப்பது போலத் துணி அந்த வரிசையிலேயே கிழிந்துகொண்டு வரும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். "அண்ணாச்சி, அந்தத் தண்ணி பாட்டில் நாலஞ்சு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பேக்குக்குள் வையுங்கள். ஒற்றை வாரைப் பிடித்துத் தூக்கி, இரண்டு உதறு உதறுங்கள். தையலோரம் வெளிச்சம் தெரிகிறதா, நூல் வெளியே இழுபடுகிறதா என்று பாருங்கள். சரக்கில் நம்பிக்கை உள்ள கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

எங்கள் ஊரில் அரசு 1974-ல் கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டை இருக்கிறது. வெளியூர்க் கல்லூரிப் பிள்ளைகள் சுற்றுலா வந்தால் சுவரோர நிழலில் பேக்குகளை வரிசையாக இறக்கி வைப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்று தெரியும்: பல பேக்குகளில் ஒரு பக்க வார் நைந்து, ஸ்பாஞ்ச் சப்பிப்போயிருக்கும், மறுபக்க வார் கடையில் வாங்கியது போல இருக்கும். ஸ்டைலுக்கு ஒற்றைத் தோளில் மாட்டுவதன் கூலி அது. இரண்டு தோளிலும் மாட்டினாலே பேக்குக்கு ஆயுசு கூடும்.

ஜிப்பில் சிக்கனம் வேண்டாம்

ஜிப் மூடிய பிறகு ரன்னருக்குப் பின்னால் வாய் பிளந்துகொண்டால், பல் போய்விட்டது என்று பேக்கையே தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் பல் நன்றாகத்தான் இருக்கும். புழுதி அராவி ரன்னரின் உள்பக்கம் தேய்ந்து, பிடிப்பு விட்டிருக்கும். குறடால் ரன்னரை லேசாக நெருக்கினால் கொஞ்ச நாள் ஓடும். புது ரன்னர் போட்டால் பழையபடி ஆகிவிடும். செலவு சொற்பம்.

ரன்னரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட ஜிப்பின் அகலம் கூடும். பெரிய அறைக்கு 8 அல்லது 10 இருக்கட்டும். முன்பக்கச் சின்ன அறைக்கு 5 போதும். ஜப்பானின் ஒய்.கே.கே. கம்பெனி 1934-லிருந்து ஜிப் செய்கிறது. அந்த எழுத்து இருந்தால் நல்லதுதான். ஆனால் எழுத்தைப் பொறிப்பது யாருக்கும் எளிது. ஜிப்பை வளைவான மூலையில் ஒரு கையால் பத்துத் தடவை ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டினால், ஆடிக் காற்றில் கட்டாயம் சிக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது: பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஜிப்பைத் தட்டித் துடைத்து, மெழுகுவர்த்தித் துண்டை மேலாக ஒரு தடவை உரசுங்கள். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. புழுதியை இழுத்துப் பசையாக்கிவிடும்.

துணியும் வெயிலும்

லேபிளில் 600டி, 900டி என்று போட்டிருப்பது டெனியர் கணக்கு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் நிற்கிறதோ அதுதான் டெனியர். கல்லூரிப் பேக்குக்கு 600 டெனியர் பாலியஸ்டரே தாராளம். உரசலைத் தாங்குவதில் நைலான் கெட்டி. வெயிலைத் தாங்குவதில் பாலியஸ்டர் மேல். பஸ் ஸ்டாப்பில் நிழல் கிடைக்காத நம் பக்கத்துக்கு நான் பாலியஸ்டரையே சொல்வேன். அடிப்பாகம் மட்டும் இரட்டைத் துணியாக இருக்க வேண்டும். பஸ் தரையிலும் வகுப்பறைத் தரையிலும் தேய்வது அதுதான்.

துணியின் உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கும். நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பொடியாக உதிர்ந்தால் அடுத்த மழையில் நோட்டு நனையும்.

லேப்டாப் அறை

லேப்டாப் அறைக்குள் கையை விட்டு அடிவரை தொட்டுப் பாருங்கள். அறையின் அடி, பேக்கின் அடிக்கு ஓர் அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால், பேக்கைத் 'தொப்'பென்று வைக்கும் ஒவ்வொரு முறையும் அடி லேப்டாப்பின் மூலைக்குத்தான் விழும். லேப்டாப் இருக்கிற நாளில் பேக் போட்டு சீட் பிடிக்காதீர்கள். ஆசைப்பட்டால் துண்டைப் போடுங்கள்.

எடைக் கணக்கு

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போகக்கூடாது என்கிறது. அது பள்ளிக்குத்தான், ஆனால் கல்லூரியில் சேர்ந்ததும் முதுகெலும்பு மாறிவிடுவதில்லை. கணக்குப் போடுங்கள்: லேப்டாப்பும் சார்ஜரும் இரண்டரைக் கிலோ, தண்ணீர் ஒரு கிலோ, சாப்பாடு முக்கால் கிலோ, ரெக்கார்டு நோட்டும் புத்தகமும் ஒன்றரைக் கிலோ. ஐம்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இதிலேயே வரம்பு தாண்டிவிட்டது. அதனால் காலிப் பேக் முக்கால் கிலோ, எண்ணூறு கிராமுக்குள் இருக்கட்டும். கொள்ளளவு 25 முதல் 30 லிட்டர் போதும். பெரிய பேக் வாங்கினால் அதை நிரப்பாமல் யாரும் விடுவதில்லை.

மழையும் சேறும்

"வாட்டர் ப்ரூஃப்" என்று கடையில் சொல்வதெல்லாம் தூறலுக்குத்தான். துணி தாங்கினாலும் ஜிப் வழியாகவும் ஊசித் துளை வழியாகவும் தண்ணீர் இறங்கும். 2023 டிசம்பரில் எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி மழைக்கு எந்தப் பேக்கும் நிற்காது. ஐப்பசி பிறந்துவிட்டால், லேப்டாப் முழுசாக நுழைகிற கெட்டி பிளாஸ்டிக் கவர் ஒன்று பேக்குக்குள்ளேயே கிடக்கட்டும். சான்றிதழுக்கும் அதுதான் காவல்.

கரிசல் சேறு பட்டால் ஈரத்தோடு துடைக்காதீர்கள். துணி இழைக்குள் ஏறிக்கொள்ளும். காயவிட்டுத் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். மிச்சத்தை பிரஷ்ஷால் எடுக்கலாம். வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சு உரியும். வாரில் வேர்வை உப்புப் பூத்தால் அந்த இடத்தை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வையுங்கள்.

விலையும் பில்லும்

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது; பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். என் அனுபவத்தில் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐநூறுக்குள், மேலே சொன்ன சோதனைகளில் தேறுகிற பேக் கிடைக்கிறது. அதற்குமேல் கொடுப்பதில் பெரும்பங்கு பெயருக்குப் போகிறது. ஐநூறுக்குக் கீழே உள்ளதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாங்கிய கையோடு பேக் தைப்பவரிடம் கொடுத்து வார்முனை நான்கிலும் ஒரு தையல் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிய்ந்தபின் தைப்பதைவிட இது மலிவு, பலமும் கூட.

வாரண்டி அட்டையில் ஜிப்பும் வாரும் அடங்குமா என்று கடையிலேயே கேளுங்கள். மெஷின் பில்லின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். அன்றைக்கே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரமே முழுப் பாரத்தையும் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். குறை இருந்தால் அந்த வாரத்திலேயே தெரியும். மாற்றிக் கேட்கவும் அப்போதுதான் வாய் வரும்.