ஆரம்பப் பாடசாலையில் ஆடல் பயிற்சி

ஆரம்பப் பாடசாலையில் வந்து சேரும் ஐந்து வயதுக் குழந்தை, எழுத்தையும் எண்ணையும் கற்கு முன்னரே, பாட்டுக்குக் கை தட்டவும் கால் பெயர்க்கவும் விரும்புகிறது. இயற்கையாக அமைந்த இவ்விருப்பத்தை ஒழுங்குபடுத்தினால் தேகப் பயிற்சி, கணக்கு, பிறரோடு இணங்கி நடத்தல் ஆகிய மூன்றுக்கும் அஃது அநுகூலமாகும். ஆயினும் பல ஊர்களில் ஆடல் என்பது ஆண்டு விழாவுக்கு மட்டும் உரியதாகிவிட்டது. சில குழந்தைகள் பொறுக்கி எடுக்கப்படுகின்றனர்; அவர்களுக்கு வாடகை உடை வருகிறது. அவ்வாடகையைக் கொடுக்க இயலாத பெற்றோரின் குழந்தை கீழே உட்கார்ந்து பார்க்கிறது. அக்குழந்தையையும் ஆட்டத்தில் சேர்க்கும் வழியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

1. ஆட்சேபங்களும் சமாதானமும்

ஆடல் குடும்பப் பெண்களுக்கு ஆகாது என்பது சில பெரியோரின் கருத்து. இக்கருத்து ஒரு காலத்தில் சென்னை மாகாணம் முழுவதும் பலமாக இருந்தது. கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அரும்பாடுபட்டார். அவ்வழக்கம் 1947இல் சட்டத்தால் விலக்கப்பட்டது. வழக்கம் ஒழிய வேண்டும், கலை அழியலாகாது என்று ஈ. கிருஷ்ணையர் வாதாடினார். 1936இல் ருக்மிணி தேவி அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். பரம்பரை பரம்பரையாக இக்கலையைக் காத்த குடும்பத்தாரிடம் கற்றே பிறரும் ஆடலாயினர். ஆதலின் குற்றம் ஆடலைச் சார்ந்ததன்று என்பது தெளிவு.

ஆடல் ஆண்பிள்ளைகளுக்கு இழிவு என்பது மற்றோர் ஆட்சேபம். நம் நாட்டு ஒயிலாட்டம் ஆடவர் வரிசையாய் நின்று கையில் துணி வீசி ஆடுவது. வங்காளத்தில் கலெக்டராக இருந்த குருசதய தத்தர், வீரபூம் ஜில்லாவில் ஆடவர் ஆடிவந்த ராய்பெஞ்சே என்னும் போராட்டத்தை ஆதரித்து, 1932இல் விரதசாரி இயக்கத்தைத் தொடங்கினார். அவர் உடலுழைப்பையும் கிராமசேவையையும் ஆடலையும் ஒன்றாகவே கற்பித்தார்.

2. ஏற்ற ஆட்டங்கள்

கும்மி, கோலாட்டம், ஒயில் ஆகிய மூன்றும் ஆரம்ப வகுப்புகளுக்கு ஏற்றவை. இவற்றுக்குத் தனி உடை வேண்டியதில்லை. கும்மியும் கோலாட்டமும் வட்டமாக ஆடப்படுவதால் முன்வரிசை, பின்வரிசை என்ற பேதமும் இல்லை. பரதநாட்டியம் கற்க விரும்பும் குழந்தை, தக்க ஆசிரியரிடம் தனியே கற்கலாம். வகுப்பு முழுவதையும் நெடுநேரம் அரைமண்டியில் நிறுத்தி வருத்துதல் கூடாது.

3. கற்பிக்கும் முறை

முதற்படி நடை. குழந்தைகள் வட்டமாக நடந்துகொண்டே ‘தகிட’ என்று சொல்லி மூன்றுக்கு ஒரு முறையும், பிறகு ‘தகதிமி’ என்று சொல்லி நான்குக்கு ஒரு முறையும் கை தட்டவேண்டும். மூன்றாம் வாய்பாடும் நான்காம் வாய்பாடும் இவ்வாறு காலிலேயே படிந்துவிடும்.

இரண்டாம்படி கும்மி. குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, பக்கம் பெயர்ந்து ஒரு தட்டு என்று தொடங்கினால் போதும். பாட்டை ஒருவர் சொல்ல மற்றவர் வாங்கிப் பாடவேண்டும்.

மூன்றாம்படி கோலாட்டம். கோல் ஏறக்குறைய ஓரடி நீளமாக, சிம்பு நீங்க இழைத்து, முனை மழுக்கியதாக இருத்தல் அவசியம். முதலில் தன் கோலோடு கோல், பிறகு எதிர்நிற்பவர் கோலோடு கோல் என்று பழக்கவேண்டும். வேகம் கூட்டுவது கடைசியில்தான்.

நான்காம்படி பின்னல் கோலாட்டம். இது நான்காம், ஐந்தாம் வகுப்பினர்க்கு உரியது. உத்தரத்திலிருந்து எட்டுக் கயிறுகளைத் தொங்கவிட்டு, எட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாகப் பிடிக்கவேண்டும். நால்வர் வலமாகவும் நால்வர் இடமாகவும் சென்று, எதிர்வருவோரை ஒரு முறை உட்புறமாகவும் மறுமுறை வெளிப்புறமாகவும் கடக்கப் பின்னல் இறங்கும். அதே வழியில் திரும்பி ஆடினால் பின்னல் அவிழும். ஒருவர் தவறினால் எண்மரின் கயிறும் சிக்கும். அப்போது தவறியவரை ஏசாமல், எல்லாரும் தவறு நேர்ந்த இடம்வரை பின்னோக்கிச் சென்று மீண்டும் தொடங்கவேண்டும். 1904இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுச் சங்கம் அமைத்த குடியானவர்களும் இதே பாடத்தையே மேற்கொண்டனர்: ஒருவர் தவணை தவறினால் அது எல்லாருக்கும் உரிய கவலை.

4. சங்க அங்கத்தினர் செய்யத் தக்கவை

பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள நசரத்பேட்டை போன்ற ஊர்களில் வயல்கள் மனைகளாகி, பல திசையிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்துள்ளன. நாற்று நடவிலும் பொங்கலிலும் கும்மி கொட்டிய மூதாட்டிகள் சிலரே எஞ்சுவர். அவர்களோடு பாட்டும் போய்விடுமுன் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

(அ) பள்ளி மேலாண்மைக் குழுவின் சம்மதத்தோடு, கும்மி அறிந்த மூதாட்டியை வாரம் ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து, உபாத்தியாயருக்குரிய மரியாதையோடு உட்காரவைத்தல்.

(ஆ) அவர் பாடும் பாட்டுகளை, பாடியவர் பெயரோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தல். யாதொரு சாதியாரையும் பெண்களையும் இழிவு செய்யும் அடிகளைக் குழந்தைகளுக்குக் கற்பியாது விடுதல்.

(இ) முப்பது பிள்ளைகளுக்கு அறுபது கோல்களை உள்ளூர்த் தச்சரிடம் செய்வித்தல். துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின், இச்செலவைப் பொது நல நிதியிலிருந்து ஈடுசெய்யப் பொதுக்குழுவில் தீர்மானிக்கலாம்.

(ஈ) ஆண்டு விழாவில் வாடகை உடைக்கு மாறாக, வகுப்பு முழுவதும் பள்ளிச் சீருடையிலேயே ஆடுமாறு கேட்டுக்கொள்ளுதல்.

2022 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெற்று வருகிறது. அதில் பரிசு பெறுவது சிலரே. வகுப்பறை வட்டத்தில் இடம்பெறுவதோ எல்லாக் குழந்தைகளுக்கும் கூடும். எந்தத் தெருக் குழந்தையாயினும், எம்மொழி பேசும் குழந்தையாயினும், பக்கத்திலிருப்பவர் தட்டும் தாளத்துக்குத் தானும் தட்டினாலன்றிக் கும்மி நடவாது. அதைச் சிறு வயதிலேயே பழகியவர்கள், பெரியவராகிச் சங்கத்தின் மகாசபையில் அமரும்போதும் மறவார்.