பார்மட் செய்யுமுன் பேட்டரியைப் பாருங்கள்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் நண்பரின் பழைய கம்ப்யூட்டர், தினமும் காலையில் தேதி தவறி, எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றது. வைரஸ் என்று யாரோ சொல்ல, பார்மட் செய்யவிருந்தார். சூளைக் கணக்கெல்லாம் போயிருக்கும்! தடுத்தேன்.

விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டிலுள்ள பயாஸ் விழித்துக்கொள்ளும். புதிய கம்ப்யூட்டர்களில் அதன் பெயர் யூஇஎஃப்ஐ. ராம், கீபோர்டு எல்லாவற்றையும் சோதித்து, ஒவ்வொரு கார்டுக்கும் முகவரியும், பிராசசரை அழைக்க ஐஆர்க்யூ எண்ணும் ஒதுக்கும். 1994-இல் பிளக் அண்ட் பிளே பயாஸ் வரும்வரை இதற்குப் பெரும்பாலும் நாமே ஜம்பர் மாற்றினோம். அந்த அவஸ்தை உங்களுக்கு இல்லை.

மின்சாரமில்லாதபோது செட்டிங்குகளையும் கடிகாரத்தையும் காப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. அது தீர்ந்திருந்தது. நண்பர் இரவில் மெயின் சுவிட்சையே அணைப்பவர். அதனால்தான் காலைதோறும் தகராறு. பிளக்கைப் பிடுங்கி, + குறி மேலிருக்கும்படி புதியதைப் பொருத்தினோம். பிறகு டெலிட் கீயை அழுத்தி, செட்டப்பில் தேதியைத் திருத்தினோம்.