மென்பொருள் ஒட்டுகளைப் பேணும் முறை

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கல்முனைக்குடி முதலாய கீழைக்கரை ஊர்களைக் கடல்கோள் அழித்தது. அதன்பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிதற்பொருட்டு இலங்கை மென்பொருளாளர் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும். அதன் மூலநிரல் எவர்க்குந் திறந்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. இத்தகைய மென்பொருளை ஊருக்கேற்பத் திருத்துவார் அத்திருத்தங்களைப் பேணுமாறு யாது என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

பதிவுப் படிவமொன்றில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் உள எனக் கொள்வோம். நம்மவர் பெரும்பாலார்க்குக் குடும்பப்பெயர் இல்லை; தந்தை பெயரே முன்னிற்கும். முகம்மது எனத் தொடங்கும் பெயரினர் பலர் வாழும் ஊரில் தந்தை பெயர் தவறான கட்டத்தில் வீழ்ந்தால், தாய் தேடும் பிள்ளை பட்டியலில் இருந்தும் அகப்படான். ஆதலின் உள்ளூர் நிரலாளர் கட்டத்தை மாற்றுகின்றார். சில திங்களில் மூல ஆசிரியரின் புதிய பதிப்பு வருகின்றது. அதனை மேலே இட்டவுடன் அம்மாற்றம் மறைந்தொழியும், எவரும் அறியார்.

இதற்குப் பரிகாரம், திருத்தத்தை 'ஒட்டு' எனத் தனிக்கோப்பாக வைத்தலாம். நீக்கிய வரி கழித்தற்குறியும் சேர்த்த வரி கூட்டற்குறியும் பெறும். இடமறிதற்பொருட்டு மேலும் கீழும் பொதுவாக மும்மூன்று வரிகள் நிற்கும். இக்கோப்பைப் படித்துத் திருத்தத்தைத் தானே செய்யும் 'பேட்ச்' நிரலை லாரி வால் 1985இல் வெளியிட்டார். டெபியன் தொண்டர் ஒட்டுகளையும் அவற்றின் வரிசைப்பட்டியலையும் பொதியினுள்ளேயே வைப்பர்.

ஒட்டுகள் பெருகின் கையால் மேய்த்தல் அரிது. லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய 'கிட்' இங்கே துணையாகும். மூல ஆசிரியரின் நிரல் ஒரு கிளை; நம் திருத்தங்கள் மற்றொரு கிளை; ஒரு திருத்தத்துக்கு ஒரு பதிவு. புதிய பதிப்பு வந்ததும் நம் பதிவுகளை அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுமாறு பணிக்கலாம். முரண்பட்ட இடத்தில் கருவி நின்று அறிவிக்கும். மூல ஆசிரியரே ஏற்றுக்கொண்ட திருத்தத்தை நாம் விட்டுவிடலாம்.

பதிவுதோறுங் காரணவுரை வேண்டும். நம் இளைஞர் 'திருத்தம்' என ஒரு சொல்லெழுதி அமைவர். ஈராண்டின்பின் வருபவர் அதனை வைத்து என் செய்வார்? 'தந்தை பெயர் முன்னிற்றலின் கட்டம் மாற்றப்பட்டது' என்றெழுதின், அதனை நீக்கத் துணிவார் ஒருமுறை எண்ணிப் பார்ப்பர்.

வரிகள் பொருந்தியும் பொருள் பொருந்தாதொழிதல் உண்டு; அதனைக் கருவி அறியாது. ஆதலின் பதிப்பு மாறுந்தோறும் மாதிரிப் பெயரொன்றைப் பதிந்து, தந்தை பெயரால் தேடி, அது அகப்படுகின்றதா எனப் பார்த்தபின்னரே படிவத்தை முகாமுக்கு அனுப்புதல் வேண்டும்.