மிதிவண்டிப் பேரணிக்குச் செல்லும் முன்

பல ஆண்டுகளாக நீரிழிவுக்குச் சிகிச்சை பெற்றுவரும் இராஜபாளையத்துப் பெரியவர் ஒருவர், ஏழை நோயாளிகளுக்கு நிதி திரட்டும் மிதிவண்டிப் பேரணியில் மகனுடன் கலந்துகொள்ளலாமா என்று அண்மையில் கேட்டார். தக்க ஆயத்தத்துடன் கலந்துகொள்ளலாம் என்றேன். அவரிடம் கூறியவை பிறருக்கும் பயன்படும் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

மருத்துவத்துக்கும் இத்தகைய பேரணிகளுக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் 1980இல் 36 பேருடன் தொடங்கிய ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ பயணத்தில் இன்று ஆயிரக்கணக்கானோர் பங்கேற்று, பாஸ்டனிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு நிதி திரட்டுகின்றனர்.

தனியே மிதிக்கும்போது மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறோம். கூட்டத்திலோ பக்கத்தில் வருபவரின் வேகமே நம்முடையதாகிவிடுகிறது. கண் இருண்டாலும், நெஞ்சு இறுகினாலும், ‘இன்னும் சிறிது தூரம்தானே’ என்று மறைத்துக்கொண்டு மிதிக்கிறோம். மருத்துவன் என்ற முறையில் நான் அஞ்சுவது இதற்கே. லண்டன்–பிரைட்டன் பயணத்தின் இறுதிப் பகுதியில் வரும் டிட்ச்லிங் பீக்கன் என்னும் செங்குத்தான ஏற்றத்தில் பலர் இறங்கி வண்டியை உருட்டிச் செல்வது வழக்கம். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் வண்டியை உருட்டிச் செல்ல எவரும் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கம் வேண்டியதில்லை.

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பொழுது விடிந்தபின், பேருந்துகளும் லாரிகளும் பெருகுமுன், இருவர் மூவராக ஒருவர் பின் ஒருவராகச் சென்று பழகுங்கள். முன் செல்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரம் நுழைந்து நிற்கக் கூடாது. அவர் ஒரு பள்ளத்துக்காகச் சற்று விலகினாலும் சக்கரங்கள் உரசும். பெரும்பாலும் விழுபவர் பின்னால் வருபவரே. நேர்கோட்டில் செல்லுங்கள். வேகம் குறைப்பதற்கு முன் உரக்கச் சொல்லுங்கள். நிற்க வேண்டுமெனில் இடப்புறம் ஒதுங்கி, சாலையை விட்டே இறங்கிவிடுங்கள். தண்ணீர் குடிக்கக் கூட்டத்தின் நடுவே ஒரு கையால் ஓட்டுவது இளைஞர்களுக்கும் ஆபத்தானது.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் புறப்படுமுன் அளவைச் சோதிக்க வேண்டும். 90க்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்ணாமல் வண்டியில் ஏறாதீர்கள். அன்று இன்சுலினைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுங்கள். உழைக்கும் தசையருகே போட்ட மருந்து விரைந்து உறிஞ்சப்படும். வழியில் வியர்த்து, கை நடுங்கினால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்காருங்கள். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை உண்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தோன்றாமற்போகலாம். வியர்வை ஒன்றே எச்சரிக்கையாக அமையக்கூடும். உழைத்த நாளின் இரவிலும் சர்க்கரை தாழலாம் என்பதால் படுக்குமுன் மீண்டும் சோதியுங்கள்.

‘பால்கோவா உண்டால் போதாதா, டாக்டர்?’ என்று அப்பெரியவர் கேட்டார். நம் ஊர்க்காரருக்கு நியாயமான கேள்விதான்! ஆனால் அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்குக் குளுக்கோஸே உதவும். பால்கோவாவைப் பற்றி அடுத்த முறை அவரது பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உண்பவர்கள் நெரிசலான பேரணியைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. கலந்துகொண்டே ஆக வேண்டுமெனில் வாரைக் கட்டிய தலைக்கவசம் கட்டாயம். விழுந்து தலையில் அடிபட்டால், வலியில்லை என்று வீட்டுக்குச் செல்லாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். மூளையில் கசிவு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் மிதிப்பதை நிறுத்தி, 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

சட்டைப்பையில் உங்கள் பெயர், நோய், மருந்துகள், உறவினர் கைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். உடன் வருபவருக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும். மருந்தளவை மாற்றிப் பார்க்க அவகாசம் தேவை. எனவே பேரணிக்கு இரு வாரங்களுக்கு முன்பே எங்களிடம் வாருங்கள்.